வெளியில் போட்ட விளக்கும் கம்பெனி கொடுத்த வாக்கும்

கார் வாரன்டி என்பது தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி. குறிப்பிட்ட காலத்துக்குள் அல்லது தூரத்துக்குள் ஒரு பாகம், அதன் பொருளிலோ செய்நேர்த்தியிலோ இருந்த குறையால் பழுதானால், காசு வாங்காமல் சரிசெய்தோ மாற்றியோ தருவதாக அவர் ஒப்புக்கொள்கிறார். இந்தியாவில் இப்போது பெரும்பாலான கார்களுக்கு இது 3 ஆண்டு. சில நிறுவனங்கள் 1 லட்சம் கிலோமீட்டர் என்று தூரத்துக்கும் வரம்பு கட்டுகின்றன, சில கட்டுவதில்லை. பிரேக் பேடு, கிளட்ச் தட்டு, வைப்பர் ரப்பர் போல ஓட ஓடத் தேயும் பாகங்கள் இதில் வராது. டயரும் பேட்டரியும் பெரும்பாலும் அவற்றைச் செய்த கம்பெனிகளின் தனி வாரன்டியில் அடங்கும்.

இந்த வாக்குறுதி முதலில் வாங்கியவரோடு நின்றுவிடுவதில்லை. பொதுவாக வண்டியோடு போகிறது. 2 ஆண்டு ஓடிய காரை வாங்குபவருக்கு மிச்சமுள்ள 1 ஆண்டு உண்டு. பழைய கார் விற்பவர்கள் 'கம்பெனி வாரன்டி இருக்கிறது' என்று சொல்லி விலையை ஏற்றிக் கேட்பதும் இதனால்தான். ஆனால் வாரன்டியோடு இன்னொன்றும் கைமாறுகிறது. முதல் உரிமையாளர் வண்டியில் செய்த மாற்றங்கள், செய்துவிட்டுப் பழையபடி ஆக்கிய மாற்றங்கள் உட்பட, புதியவரின் தலையில் வந்து விழுகின்றன. அவர் கையில் இருப்பது ஆர்.சி. புத்தகமும் இரண்டு சாவிகளும் மட்டும். வண்டியின் முன்கதை சர்வீஸ் சென்டரின் கணினியில் இருக்கும், அல்லது எங்குமே இருக்காது.

வாரன்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், படிக்கக் கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், விதிவிலக்குகள் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் சொற்கள் மாறினாலும் சாரம் ஒன்றுதான்: அங்கீகாரமில்லாத மாற்றங்களால், அசல் அல்லாத பாகங்களால், வெளியில் செய்த பழுதுபார்ப்பால் ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. இந்த வாக்கியத்தில் எடை முழுவதும் 'ஏற்படும்' என்ற சொல்லில் இருக்கிறது. ஆனால் சர்வீஸ் கவுன்டரில் அது 'வெளியில் வேலை பார்த்த வண்டியா, வாரன்டி போச்சு' என்று சுருங்கிவிடுகிறது. தகராறுகளில் பெரும்பங்கு இந்தச் சுருக்கத்தில்தான் பிறக்கிறது.

கவுன்டரில் இருப்பவரின் நிலையையும் புரிந்துகொள்ள வேண்டும். வாரன்டியில் ஒரு பாகத்தை மாற்றினால் அந்தச் செலவை டீலர் முதலில் ஏற்கிறார். பிறகு தயாரிப்பாளரிடம் கேட்டுப் பெறுகிறார். பழுதான பாகத்தையும் படங்களையும் பார்த்துத் தயாரிப்பாளர் ஏற்காவிட்டால் பணம் டீலரின் கையை விட்டுப் போகும். எனவே வண்டியில் வெளி ஃபிட்டிங் எதையாவது கண்டதும் அவர் பின்வாங்குவது கெட்ட எண்ணத்தால் மட்டும் அல்ல. ஆனால் அந்தப் பயத்தின் விலையை வாடிக்கையாளர் கட்ட வேண்டும் என்று வாரன்டிப் புத்தகத்தில் எங்கும் இல்லை.

தமிழ்நாட்டுச் சாலைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் மாற்றம் ஹெட்லைட் பல்பு. பல கார்களில் வரும் எச்4 ஹாலஜன் பல்பு 60/55 வாட். வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பைப் போடுகிறார்கள். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 100 வாட் பல்பு ஏறத்தாழ 8.3 ஆம்பியர். வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஆனால் வயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், அதே மெல்லிய வயரில் சூடு இரண்டே முக்கால் மடங்கு ஆகிறது. முதலில் பல்பின் பின்னால் உள்ள கப்ளர் பழுப்பேறும், பிறகு உருகும், சில நேரம் ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள ஸ்விட்சின் தொடுமுனைகள் கருகும். விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் தனி ரிலேயும் தடித்த வயரும் ஃபியூஸும் போட்டு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுப்பார். மற்றவர் கம்பெனி வயரை பிளேடால் சீவி, புது வயரை முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவார். இரண்டு கோடைக்குள் அந்த டேப்பின் பசை இளகி வழியும்.

இப்படிப் பல்பு மாற்றிய வண்டி ஒன்று மூன்று பழுதுகளோடு சர்வீஸ் சென்டருக்கு வருகிறது என்று கொள்ளலாம். ஹெட்லைட் ஸ்விட்ச் கருகியிருக்கிறது, பாடி கன்ட்ரோல் மாட்யூல் எனப்படும் மின்னணுப் பெட்டி வேலை செய்யவில்லை, ஏ.சி. கம்ப்ரஸர் சத்தம் போடுகிறது. ஸ்விட்ச் பழுதுக்கும் பல்புக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிகிறது; வாரன்டி மறுக்கப்பட்டால் குறை சொல்ல முடியாது. கம்ப்ரஸரின் பேரிங் தேய்ந்ததற்கும் பல்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதை மறுப்பது அநியாயம். நடுவில் நிற்பது அந்த மின்னணுப் பெட்டி. விளக்குகளுக்கான மின்சாரம் அதன் வழியாகப் போகிறதா, உள்ளே எரிந்த தடம் எந்த முனையில் இருக்கிறது, ஈரம் புகுந்ததா, அல்லது பெட்டியே குறையுள்ளதா என்று திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். வாரன்டி வழக்குகளில் நிஜமான சண்டை இப்படிப்பட்ட நடுப்பகுதியில்தான் நடக்கிறது.

அலாய் வீல் மாற்றுவதும் இப்படியே. அளவு மாறாமல் வீலை மட்டும் மாற்றினால் பெரிய சிக்கல் வராது. அகலமான டயரும், வெளியே பிதுங்கி நிற்கும் வீலும் போட்டால் வீல் பேரிங்கின் மேல் விழும் சுமை இடம் மாறுகிறது. சஸ்பென்ஷன் மூட்டுகள் சீக்கிரம் ஆடத் தொடங்கும். அப்போது பேரிங்குக்கு வாரன்டி கேட்பது வீண் பேச்சு. கியர்பாக்ஸுக்குக் கேட்பது அப்படி அல்ல. சீட் கவர், தரைவிரிப்பு போன்றவற்றைச் சொல்லி யாரும் மறுப்பதில்லை. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டில் அதை மூடும்படி கவர் தைத்தால் மட்டும் கதை வேறு.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். பழைய வண்டி வாங்குபவரை அதிகம் சிக்கவைப்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று: ரீமேப். எந்த நேரத்தில் எவ்வளவு எரிபொருள், டர்போ எவ்வளவு அழுத்தம், எப்போது தீப்பொறி என்பதையெல்லாம் இன்ஜினின் கணினியில் உள்ள அட்டவணைகள் தீர்மானிக்கின்றன. இந்த அட்டவணைகளை மாற்றி எழுதினால் டர்போ உள்ள டீசல், பெட்ரோல் கார்களில் வேகமும் இழுவையும் கணிசமாகக் கூடும். மோட்டார் பந்தயத்துக்குப் பேர்போன கோயம்புத்தூரில் இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நன்றாகவே செய்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கூடும் இழுவையைத் தாங்க வேண்டியவை பழைய கிளட்ச், பழைய டர்போ, பழைய இன்ஜெக்டர்கள். தயாரிப்பாளர் அவற்றில் விட்டுவைத்திருந்த தாங்குதிறன் இருப்பை ரீமேப் செலவழிக்கிறது.

காரை விற்கும்போது முதல் உரிமையாளர் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றிவிடுகிறார். ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பல கார்களின் கணினி, தன் மென்பொருள் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்று எண்ணி வைத்திருக்கிறது. சர்வீஸ் சென்டர் பதிவில் இரண்டு முறை என்றும் வண்டியில் நான்கு முறை என்றும் இருந்தால் நடுவில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். மென்பொருள் அசலா என்று சரிபார்க்கும் எண் ஒன்றும் உண்டு. ஓர் அட்டவணையில் ஒரு மதிப்பு மாறினாலும் அது பொருந்தாது. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில், டீலரின் கருவி இப்படி ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தால் வண்டியின் அடையாள எண்ணோடு 'டி.டி.1' என்ற குறி நிறுவனத்தின் கணினியில் பதிவாகிவிடும். அதன்பின் இன்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தமான வாரன்டி கேட்டால் அந்தக் குறிதான் முதலில் எதிரே வந்து நிற்கும். வண்டி கைமாறினால் குறியும் அதோடு கைமாறும்.

மென்பொருளைத் தொடாமல், சென்சாருக்கும் கணினிக்கும் நடுவே மாட்டும் 'டியூனிங் பாக்ஸ்' என்ற சின்னப் பெட்டியும் உண்டு. அழுத்தம் குறைவாக இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லி அதிக எரிபொருளை வாங்கிவிடும் தந்திரம் அது. கழற்றிவிட்டால் மென்பொருளில் தடயம் இராது. கப்ளரின் கிளிப் உடைந்திருப்பதும், வயரில் கட்டின தழும்பும் காட்டிக்கொடுத்தால்தான் உண்டு.

சரி, இப்படி ஒரு மாற்றம் இருந்தால் முழு வாரன்டியையும் ரத்து செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டா? அமெரிக்காவில் இதற்கு 1975-லேயே சட்டம் போட்டார்கள். அதைக் கொண்டுவந்த செனட்டர் வாரன் மாக்னுசன், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் மாஸ் ஆகியோரின் பெயரால் மாக்னுசன்–மாஸ் வாரன்டிச் சட்டம் என்று அழைக்கப்படுகிறது. எங்கள் பாகத்தைத்தான் வாங்க வேண்டும், எங்கள் பட்டறையில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று வாரன்டிக்கு நிபந்தனை போடக் கூடாது, அந்தப் பாகத்தையும் வேலையையும் இலவசமாகக் கொடுத்தால் ஒழிய, என்பது அதன் முக்கிய விதி. வெளிப்பாகத்தால்தான் சேதம் வந்தது என்று காட்டினால் அந்தச் சேதத்துக்கு மட்டும் நிறுவனம் மறுக்கலாம். இதை மீறியதாக 2015-இல் பி.எம்.டபிள்யூ.வின் மினி பிரிவு மீதும், 2022-இல் ஹார்லி டேவிட்சன் மீதும் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. கார் பிரியர்கள் இந்தச் சட்டத்தைச் சர்வரோக நிவாரணி போல மேற்கோள் காட்டுவதுண்டு. ரீமேப் செய்த காரின் டர்போ வெடித்தால் அது காப்பாற்றாது.

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் பலரும் அறியாத ஓர் உத்தரவு இருக்கிறது. உதிரி பாகங்கள் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் கார் நிறுவனங்கள் தடுக்கின்றன என்ற புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. செய்தித்தாள்களில் அபராதத் தொகைதான் பெரிதாக வந்தது. அதே உத்தரவில் வாரன்டி பற்றிய ஒரு பத்தியும் உண்டு. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்பதற்காக வாரன்டி ரத்து என்ற ஒட்டுமொத்த நிபந்தனையை நிறுவனங்கள் விதிக்கக் கூடாது. வெளியில் செய்த தவறான பழுதுபார்ப்பால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே, சூழ்நிலை அதைத் தெளிவாக நியாயப்படுத்தினால் மட்டுமே, மறுக்கலாம் என்றது ஆணையம். உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீடு, ரிட் மனு என்று பல கதவுகளைத் தட்டின. உத்தரவு பேசுவது பழுதுபார்ப்பைப் பற்றி. ரீமேப்பைப் பற்றி அல்ல என்பதும் உண்மை. ஆனாலும் காரணத்துக்கும் சேதத்துக்கும் முடிச்சுப் போடாமல் முழு வாரன்டியையும் வெட்டுவது தவறு என்ற வாதத்துக்கு இந்தியாவில் இதைவிட நல்ல பிடிமானம் இல்லை.

வாரன்டியையும் சாலைச் சட்டத்தையும் குழப்பிக்கொள்வது இன்னொரு வழக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. முன்பக்க இரும்புக் கம்பி, அதாவது கிராஷ் கார்டு, இந்தப் பிரிவுக்கு முரணானது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின் வேகம் சென்சாரைச் சேரும் விதத்தை அது மாற்றி, ஏர்பேக்கைத் தடுமாற வைக்கலாம் என்பது தொழில்நுட்பக் காரணம். ஆனால் சட்டப்படி தவறான மாற்றம் எல்லாம் வாரன்டியைக் கொல்லாது. சட்டம் அனுமதிக்கும் மாற்றம் எல்லாம் வாரன்டியைக் காப்பாற்றாது.

பின்னதற்கு நல்ல உதாரணம் சி.என்.ஜி. கிட். அங்கீகரிக்கப்பட்ட கிட்டை, அங்கீகாரம் பெற்ற மையத்தில் பொருத்தி, ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்றிப் பதிந்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இவ்வளவும் முறையாகச் செய்தாலும், கம்பெனியிலேயே சி.என்.ஜி.யோடு வந்த வண்டிக்குக் கிடைக்கும் இன்ஜின் வாரன்டி இதற்குக் கிடைக்காது என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் நிலை. கிட்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டர் இருந்த டிக்கியில் நான்கு போல்ட் துளைகளோடு விற்கப்படும் கார்கள் உண்டு. அந்தத் துளைகளைப் பார்ப்பவர் ஆர்.சி.யில் எரிபொருள் என்னவென்று எழுதியிருக்கிறது என்பதையும் பார்ப்பது நல்லது. காப்பீட்டில் கிட் சேர்க்கப்பட்டதா என்ற கேள்வியும் அங்கிருந்தே கிளம்பும்.

காசு கட்டி நீட்டித்துக்கொள்ளும் எக்ஸ்டெண்டட் வாரன்டி கைமாறும்போது தானாக மாறிவிடும் என்று நினைப்பது தவறு. பலவற்றில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பமும், சில நாள் கெடுவும், சிறு கட்டணமும் உண்டு. மின்கார்களில் வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மஹிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ கார்களின் பேட்டரிக்கு முதல் உரிமையாளருக்கு ஆயுள் வாரன்டி; கைமாறினால் அது முதல் நாளிலிருந்து 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டராகச் சுருங்கும். பழைய கார் விற்கும் நிறுவனங்கள் தங்கள் பெயரில் தரும் 6 மாத, 1 ஆண்டு 'வாரன்டி' தயாரிப்பாளரின் வாரன்டி அல்ல. அது இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற சில பாகங்களுக்கு மட்டுமான தனி ஒப்பந்தம். அதன் விதிவிலக்குப் பட்டியல் இன்னும் நீளம்.

வாங்கும் முன்பே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோய், கட்டணம் கட்டிப் பரிசோதித்து, வாரன்டி நிலவரத்தையும் சர்வீஸ் வரலாற்றையும் எழுத்தில் வாங்குவதுதான் இதில் உருப்படியான பாதுகாப்பு. அங்கே பார்க்கச் சொல்ல வேண்டியவை: ஹெட்லைட் கப்ளரின் நிறம், பேட்டரி முனையில் கட்டியிருக்கும் கூடுதல் வயர்கள், ஸ்டீரியோவுக்குப் பின்னால் வயர் வெட்டப்பட்டதா, டயர் அளவு கதவோரம் ஒட்டிய தாளோடு பொருந்துகிறதா, இன்ஜின் மென்பொருளின் நிலை. விற்பவர் இதற்குத் தயங்கினால் அதுவே ஒரு தகவல். விசித்திரம் என்னவென்றால், புதுக் காரில் டீலரே போட்டுத் தரும் கேமராவும் ஸ்டீரியோவும் பல நேரம் கம்பெனிப் பாகமாக இருப்பதில்லை. அதற்கான பில் கையில் இருந்தால், பின்னாளில் அதே டீலர் அதைக் காட்டி வாரன்டியை மறுக்க முடியாமல் போகும்.

மறுப்பு வந்துவிட்டால் முதலில் வேண்டியது எழுத்து. வாய்மொழியாக 'கிளெய்ம் ஆகாது' என்பதை ஏற்றுக்கொண்டு பணம் கட்டி வண்டியை எடுத்தவருக்கு, பிறகு நிரூபிக்கப் பாகம்கூடக் கையில் இருக்காது. எந்தப் பாகம், என்ன பழுது, எந்த மாற்றத்தால், எந்த விதிப்படி மறுக்கப்படுகிறது என்பதை ஜாப் கார்டிலோ மின்னஞ்சலிலோ கேட்டு வாங்க வேண்டும். பழுதான பாகத்தின் படங்களும், முடிந்தால் அந்தப் பாகமும் வேண்டும். காரணத்தை எழுதும் நிலை வந்ததும் பல மறுப்புகள் நிறுவனத்தின் வட்டார அதிகாரிக்குப் போய் மென்மையாவது இந்தத் துறையில் பழகியவர்களுக்குத் தெரியும். அடுத்த படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள், வசிக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். கார் வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வாடகைக்கு ஓட்டும் வண்டி என்றால், சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறார் என்று காட்ட வேண்டியிருக்கும். குறை பரிசோதனையில்லாமல் தெரியாது என்றால் பாகத்தைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பல்புக்கும் மின்னணுப் பெட்டிக்கும் நடுவிலான அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் இடம் இது. புதுக் கார் கேட்டு மனுப் போடுவதில் பெரும்பாலும் பயனில்லை. மாருதி நிறுவனம் தொடர்பான வழக்கில், வாரன்டி பாகத்தைத்தான் மாற்றித் தரச் சொல்கிறது, முழு வண்டியை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-இலேயே சொல்லிவிட்டது.

ஆய்வில் மாற்றம்தான் காரணம் என்று தெரிந்து, அந்த மாற்றத்தைச் செய்தவர் முந்தைய உரிமையாளராக இருந்தால், கோபம் திரும்ப வேண்டியது விற்றவர் பக்கம். விற்றது பழைய கார் வணிக நிறுவனம் என்றால் அதுவும் நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் வரும். தனிநபர் என்றால் வராது, உரிமையியல் நீதிமன்றம்தான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இங்கே விற்றவருக்கு ஓரளவு சாதகம். கேட்காததைச் சொல்லாமல் விடுவது பொதுவாக மோசடி ஆகாது என்கிறது அதன் 17-ஆவது பிரிவு. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால் மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது 19-ஆவது பிரிவு. கேட்டதற்குப் பொய் சொன்னால் நிலைமை தலைகீழ். 'வண்டியில் ரீமேப் உட்பட எந்த மாற்றமும் செய்யப்படவில்லை, வெளியில் வயரிங் வேலை பார்க்கப்படவில்லை' என்று விற்பனைக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்து விற்பவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால், அவரது மௌனம் எழுதிக் கொடுத்த பொய்யாகிவிடும். இழப்பீடு கேட்க அந்தக் காகிதம் போதுமான அடிப்படை.